சப்ஜெக்ட் எழுந்து போன நாள்

எங்கள் சோதனைக்கூடத்துக் கதவில், உள்பக்கம் மேலே, நான்கு சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. எத்தனையோ முறை பெயிண்ட் அடித்தும் அவை மூடவில்லை. போன மாதம் துறை விழாவுக்குக் கூப்பிட்டார்கள் என்று போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் லெக்சரர் பெண் அதைக் காட்டி, "ஆயாம்மா, இங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"தாழ்ப்பாள்."

"யாரு கழட்டினாங்க?"

"நான்தான்."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏன் கழற்றினேன் என்று உட்கார்ந்து சொன்னேன். சொன்னதையே துறை விழா மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றாள். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் யார் படிப்பார்கள் என்றேன். "நீங்க எழுதுங்க, பிழையை நான் பாத்துக்கறேன்" என்றாள். அதனால் இதில் பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகிற ரோட்டில், ஊரைத் தாண்டினதும் எங்கள் காலேஜ். முதுகலை உளவியல் துறை என்று போர்டில் இருக்கும். பிள்ளைகள் எம்.ஏ. சைக்காலஜி என்பார்கள். மார்க்கெட்டில் கேட்டால் மனசுப் படிப்பு என்பார்கள். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. பெருக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். பெருக்கினவளை ஸ்டாப் வாட்ச் துடைக்க விட்டார்கள். துடைத்தவளைச் சாமான் எடுத்துக் கொடுக்க விட்டார்கள். கொஞ்ச நாளில், என்னைக் கேட்காமல் அந்தக் கூடத்தில் ஒரு சோதனை நடக்காது என்கிற நிலைமை வந்துவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இந்தப் படிப்பில் ஒரு சங்கடம் உண்டு. உடம்பைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு எலும்புக்கூடாவது கிடைத்துவிடும். மனசைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு உயிரோடு ஒரு ஆள் வந்து உட்கார வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் சப்ஜெக்ட். பரீட்சை அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சப்ஜெக்ட் வேண்டும். அவர் அந்தச் சோதனையை அதற்கு முன்னால் பார்த்திருக்கவே கூடாது. கூடப் படிக்கிற பிள்ளைகள் உட்கார முடியாது, எல்லாம் தெரிந்தவர்கள். நானும் உட்கார முடியாது, அவர்களைவிட அதிகம் பார்த்தவள். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகள் ஆளுக்கு எங்கே போவார்கள்? என்னிடம்தான் வருவார்கள்.

பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், மலை அடிவாரத்துக் கடைகள், சாயங்கால ரயிலில் கூட வருகிறவர்கள், ஒருவரையும் நான் விட்டதில்லை. "வா, ஒரு மணி நேரம். ஊசி கிடையாது. டீயும் பன்னும் உண்டு." இவ்வளவுதான் சொல்வேன். வந்துவிடுவார்கள். வந்தவர்கள் செய்த கூத்தைத் தனியாக எழுத வேண்டும்.

மசி கொட்டி மடித்த மாதிரி ஒரு அட்டை உண்டு. அதைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டும். பாத்திரக்கடைக்கார அம்மா ஒருத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, படிக்கிற எடத்துல இதைக் கழுவாம வச்சினு இருக்கீங்க? குடு, தேச்சித் தரேன்" என்றாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நட்சத்திரப் படத்தின்மேல் கோடு இழுக்கிற சோதனை இன்னொன்று. எல்லோருக்கும் முதலில் கை கோணிக்கொண்டு போகும், பழகப் பழகத் தப்பு குறையும், அதைத்தான் பிள்ளைகள் கணக்கெடுத்துப் படமாகப் போட வேண்டும். நான் ஒரு தடவை யோசிக்காமல் சலூன்காரரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். கண்ணாடி பார்த்தே பிழைக்கிறவர், முதல் தடவையே சரியாகப் போட்டுவிட்டார். குறைவதற்குத் தப்பே இல்லையே என்று அந்தப் பெண் பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ, "கட்டிங் நல்லாத்தானே பண்ணேன், ஏன் அழுவுது?" என்று என்னைக் கேட்கிறார்.

இதையெல்லாம் கட்டி மேய்த்தவர் எங்கள் துறைத்தலைவர் மரகதம் மேடம். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கையில் ஒரு பென்சில் இருக்கும். பிடிக்காததைப் பார்த்தால் அதன் பின்பக்கத்தால் மேசையை இரண்டு தட்டு தட்டுவார். அவ்வளவுதான், கூடமே அடங்கிவிடும். என்னை "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொல்வார், கையில் துடைப்பம் இருந்தாலும்.

அறையை எப்படித் தயார் பண்ண வேண்டும் என்று மேடம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இன்றும் கைப்பழக்கமாக இருக்கிறது. நாற்காலிகளை எதிரெதிரே போடக் கூடாது, போட்டால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிடும். மேசை மூலையில் பக்கத்துப் பக்கத்தில் போட வேண்டும். ஸ்டாப் வாட்ச் ஓடுவது சப்ஜெக்ட் கண்ணில் படக் கூடாது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும், டிக் டிக் கேட்கும். ஃபேன் சத்தத்தால் வார்த்தை காதில் விழாது என்று அதையும் நிறுத்திவிடுவோம். சித்திரை வெயிலில் திருத்தணியில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள், மனசு தானாக வெளியே வரும்.

கதவைத் தாழ்ப்பாள் போடுகிற வழக்கம் பிறகு வந்தது. ஒரு தடவை எல்லோரும் மும்முரமாக இருக்கும்போது கான்டீன் ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு "சூடா வடை!" என்று வந்து நின்றார். இரண்டு பிள்ளைகளின் சோதனை அதோடு போயிற்று. அடுத்த நாளே ஆசாரி வந்து உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைத்தார். பரீட்சை தொடங்கினதும் நான் அதைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன்.

சோதனையை ஆரம்பிக்கும் முன்னால் பிள்ளைகள் சப்ஜெக்டுக்கு ஒன்று படித்துக் காட்ட வேண்டும். இது உங்களுக்கு வைக்கிற பரீட்சை இல்லை, சரி தப்பு கிடையாது என்று போகும். கடைசி வரி, "உங்களுக்கு விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்." இதைப் படித்ததும் எங்கள் ஊர் ஆட்கள் சிரிப்பார்கள். "ஐயே, பரிட்சை எழுதற பொண்ணை வுட்டுட்டு யாராவது எழுந்து போவாங்களா?" போகவும் மாட்டார்கள். பசித்தாலும் வேர்த்தாலும், ஒன்றும் புரியாவிட்டாலும், டீ வரும்வரை அசைய மாட்டார்கள். நான் கூட்டி வந்த ஆள் ஒருத்தரும் பாதியில் போனதில்லை என்று எனக்கு அப்படி ஒரு கர்வம்.

இனி பார்கவி. பொதட்டூர்பேட்டைப் பெண். வீடு முழுக்கத் தறி. ராத்திரி பகலாக விசைத்தறி ஓடும் சத்தத்தில் உட்கார்ந்து எம்.ஏ. வரைக்கும் படித்து வந்தவள். அந்தச் சத்தத்தில் பழகியதாலோ என்னவோ, எங்கள் கூடத்து அமைதியில் அவளுக்குக் கை நடுங்கும். போன தடவை பிராக்டிகலில் ஸ்டாப் வாட்சைக் கீழே போட்டு, பதறிப்போய், தேறாமல் போய்விட்டாள். மற்ற எல்லாத் தாளிலும் தேறிவிட்டாள், இது ஒன்றுதான் பாக்கி. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கவுன்சிலர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களும் இந்தத் தடவைதான் கடைசி, இனிமேல் காத்திருக்க முடியாது என்றுவிட்டார்கள்.

"எங்க நைனா இன்னா சொன்னாரு தெரியுமாக்கா? 'இதுலயும் போச்சின்னா, மனசைப் படிச்சது போதும், வந்து நூலைப் படி'ன்றாரு. மூணாவது தறி எனக்குத்தானாம்."

"பேசாத இரு. உனக்கு நானு ஒரு ஆளு கொண்டாறேன், பாரு. உக்காந்தா எழுந்துக்கவே மாட்டா."

அப்படி நான் வாக்குக் கொடுத்துக் கூட்டி வந்தவள்தான் தாயாரம்மா. மார்க்கெட்டில் பூக்கடை. ஆள் குள்ளம், வாய் நீளம். காலையிலிருந்து ராத்திரி வரை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பூக்கட்டுகிறவள், இவளைவிட நல்ல சப்ஜெக்ட் எங்கே கிடைப்பாள்?

பரீட்சை அன்று வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். எக்ஸ்டர்னல் என்பார்கள். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, சிரிப்பு மட்டும் எடுத்து வரவில்லை. சீட்டு எடுத்ததில் பார்கவிக்கு வார்த்தைச் சோதனை வந்தது. பட்டியலிலிருந்து இவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேட்டவுடன் மனசில் முதலில் வருகிற வார்த்தையைச் சப்ஜெக்ட் சொல்ல வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாட்சில் பார்த்து எழுத வேண்டும்.

பிள்ளைகளுக்கு நடுவே பலகைத் தடுப்பு வைத்திருந்தோம். பார்கவியின் மேசை கதவோரம், என் ஸ்டூலுக்குப் பக்கத்தில். நான் பெரிய எவர்சில்வர் தட்டை மடியில் வைத்து, டீ டம்ளர் அடுக்கத் துடைத்துக்கொண்டிருந்தேன். காது என்னவோ அங்கேதான்.

"தண்ணீர்."

"கொடம்."

"பச்சை."

"மொளகா."

"மலை."

"முருகரு. வேற இன்னா சொல்லுவாங்க இந்த ஊர்ல?"

"ஒரு வார்த்தை மட்டும் சொன்னா போதும்மா."

"சரி கண்ணு."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பார்கவிக்குக் கை நடுக்கம்கூட நின்றுவிட்டது. பட்டியலில் பாதி வந்திருக்கும்.

"தட்டு."

பதில் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். தாயாரம்மா வாயைத் திறந்தபடி இருக்கிறாள், சத்தம் வரவில்லை. வாட்ச் ஓடுகிறது. பூக்காரிக்குத் தட்டு என்றால் பூ என்று வர வேண்டாமா? வரவில்லை. இவ்வளவு நேரம் யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. கடைசியில் மெதுவாக, "அக்கா" என்றாள். சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

"நான் போவணும் கண்ணு."

நேரே கதவுக்கு வந்தாள். தாழ்ப்பாள் உயரத்தில் இருக்கிறது. எம்பிப் பார்த்தாள், எட்டவில்லை. இன்னொரு தடவை எம்பினாள். நான் ஸ்டூலை விட்டு எழுந்து அவள் கையைப் பிடித்தேன்.

"இன்னா தாயாரு, பாதியில எழுந்துகினு. போய் உக்காரு. அந்தப் பொண்ணு பொழப்பே இதுல இருக்குது."

"வுடு கன்னிம்மா."

தடுப்புகளுக்கு மேலே தலைகள் நிமிர்ந்தன. எக்ஸ்டர்னல் திரும்பிப் பார்த்தார். மேடம் பென்சிலை எடுத்தார், ஆனால் தட்டவில்லை. எல்லோரும் பார்கவியைத்தான் பார்த்தோம். ஒரு வார்த்தை கெஞ்சினால் தாயாரம்மா உட்கார்ந்துவிடுவாள், அவள் மனசு எனக்குத் தெரியும். பார்கவி எழுந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னைத் தாண்டிக் கையை உயர்த்தித் தாழ்ப்பாளைத் திறந்து, கதவையும் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"போய்ட்டு வாங்கம்மா. வந்ததுக்குத் தேங்க்ஸ்."

தாயாரம்மா ஓட்டமும் நடையுமாகப் போனாள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் கூட்டி வந்த ஆள்! முதல் முதலாக ஒருத்தி! காலைப் பிடித்தாவது திரும்பக் கூட்டி வருவது என்று பின்னாலேயே ஓடினேன். காலேஜ் வாசலில் பஸ் நிற்கிற மரத்தடியில் நின்றிருந்தாள்.

"ஏண்டி தாயாரு, உனக்கு இன்னாடி கேடு? அது போன வருசமே கோட்டை வுட்ட பொண்ணு. மறுபடி வுட்டா தறியில உக்கார வச்சிடுவாங்க."

"எனக்குத் தெரியாதா கன்னிம்மா? அது 'தட்டு'ன்னிச்சா, பூத்தட்டுன்னு சொல்லலாம்னு வாயத் தொறக்கறேன். வேற தட்டு வந்து நிக்குது. எம்பொண்ணு கல்யாணத்துக்கு எங்கக்காவுக்கு நான் தட்டு வச்சிப் பத்திரிகை குடுக்கல."

"அப்பறம் எப்பிடிக் குடுத்த?"

"முகூர்த்த நாளு, கடைய வுட்டுட்டுப் போவ முடியல. அக்கா இருக்கறது கனகம்மாசத்திரத்துல. அங்க போற பஸ்ஸு கண்டக்டரு கையில குடுத்தனுப்பிட்டேன்."

"கூடப் பொறந்தவளுக்கு, கண்டக்டரு கையிலயா?"

"ஆங். அவரு கரெக்டாத்தான் குடுத்தாரு. அவங்க டிபன் கடை எதிர்ல பஸ்ஸ நிறுத்தி, ஜன்னல்லயே நீட்டிட்டு விசில் அடிச்சினு பூட்டாராம். எங்கக்கா கல்யாணத்துக்கு வரல. அத்தோட பேச்சும் வார்த்தையும் இல்ல. இப்ப எம்பொண்ணுக்குப் பொறந்ததே இஸ்கூல் போவுது."

"சரி, இத்தன நாள் இருந்தவ இன்னும் அரை மணி நேரம் இருக்கக்கூடாதா? முடிச்சிட்டுப் போயேன்."

"முடிச்சிட்டா டீ குடிப்பேன். டீ குடிச்சா கடை நெனப்பு வந்துடும். இப்ப போவலன்னா நான் போவவே மாட்டேன் கன்னிம்மா. என்னை எனக்குத் தெரியாதா?"

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் பஸ் வந்தது. அவள் கையைப் பிடித்து இழுக்கத்தான் கையை நீட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, துடைத்துக்கொண்டிருந்த தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். இரண்டு பேரும் அந்தத் தட்டைப் பார்த்தோம். தாயாரம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்துவிட்டது. கோபத்தை அதற்கு மேல் எங்கே பிடித்து வைப்பது?

"இந்தா, புடி. வெறுங்கையோட போவாத. சத்திரத்துல எறங்கி வெத்தல பாக்கு, பழம் வாங்கி வச்சிக்கோ. தட்டு காலேஜ் தட்டு, பத்திரம்."

நானே கையைக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டேன்.

திரும்பி நடந்து வரும்போதுதான் பார்கவியின் முகம் நினைவுக்கு வந்தது. உள்ளே போனால் வாய்மொழித் தேர்வு ஆரம்பித்துவிட்டிருந்தது. எக்ஸ்டர்னல் அவளைத்தான் முதலில் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ஆள் திரும்பி வராங்களா?" என்றார்.

"வரமாட்டாங்க சார். நான்தான் பஸ் ஏத்தி வுட்டேன்."

பென்சில் இரண்டு தட்டு தட்டியது. நான் சுவரோரம் போய் நின்றுகொண்டேன்.

அவர் பார்கவியின் தாளைப் புரட்டினார். "பாதி வார்த்தைதான் இருக்கு. இதை வெச்சு நான் எப்படி மார்க் போடறது?"

தாளை மேசைமேல் வைத்தார்.

"கதவைத் திறந்தது யாரு?"

"நான்தான் சார்."

"ஏன்? சமாதானம் சொல்லி உக்கார வெச்சிருக்கலாமே. உன் பரீட்சைதானே?"

அவள் நிறுத்தாமல் சொன்னாள். "எப்ப வேணும்னாலும் எழுந்து போலாம்னு நான்தான் சார் அவங்களுக்குப் படிச்சேன். அவங்களுக்குத் தாழ்ப்பாள் எட்டல."

எக்ஸ்டர்னல் திரும்பிக் கதவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "வந்த வரைக்கும் கணக்கெடு. கடைசி வார்த்தைக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆச்சுன்னு எழுது. ஆள் ஏன் போனாங்கன்னு தெரியலன்னா தெரியலன்னு எழுது. கதை கட்டாதே."

ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. மேடம் என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். வாயை மூடிக்கொண்டேன். தாயாரம்மா என்னிடம் சொன்னது சோதனைக்குச் சொன்னது இல்லையே. பார்கவி மணி அடிக்கும்வரை எழுதினாள்.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போனேன். அலமாரியிலிருந்து திருப்புளியை எடுத்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, தாழ்ப்பாளைக் கழற்றி மேடம் மேசைமேல் வைத்தேன். மேடம் வந்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"சத்தம் வந்தா?"

"நான் வெளியில உக்காந்துக்கறேன் மேடம். எவன் வடை கொண்டாறான்னு பாக்கறேன்."

பென்சில் கையில்தான் இருந்தது. தட்டவில்லை. தாழ்ப்பாளை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, "உக்காருங்க, டீ சாப்பிடலாம்" என்றார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை பிராக்டிகல் பரீட்சை நடந்தால் என் ஸ்டூல் கதவுக்கு வெளியேதான். வெயில் அடிக்கும். என்னைத் தாண்டி ஒரு ஈ உள்ளே போனதில்லை.

ரிசல்ட் வந்த அன்று பார்கவி ஓடி வந்தாள். பெரிய மார்க் எல்லாம் இல்லை, தேறிவிட்டாள், அவ்வளவுதான். "நைனாதான் குடுத்தனுப்பிச்சாரு" என்று எங்கள் வீட்டுக்காரருக்குத் தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த லுங்கி ஒன்று கொண்டுவந்தாள். "மூணாவது தறிக்கு இப்ப இன்னா பண்ணுவாரு?" என்றேன். "அவரே ஓட்டிக்குவாரு" என்றாள். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இன்னும் வேலை பார்க்கிறாள்.

எங்கள் தட்டு மட்டும் வரவில்லை. டீயைக் கையில் தூக்கிக்கொண்டு நான் அலைந்தேன். அடுத்த பரீட்சைக்கு ஆள் பிடிக்க மார்க்கெட்டுக்குப் போனால் பூக்கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே மூக்கு.

"எங்கக்கா. மனசுப் பரிட்சைக்கு வரணுமாம்."

"நீ வாய மூடு, நான் கேக்கறேன்" என்றாள் அக்காக்காரி. "தட்டை நான்தாம்மா வச்சினுகிறேன். எனக்கு வச்ச தட்டு, நான் ஏன் திருப்பித் தரணும்? வேணும்னா புதுசா வாங்கித் தரேன். பரிட்சையில பன்னு உண்டாமே?"

அந்தத் தடவை அக்காக்காரி வந்து உட்கார்ந்தாள். பாதியில் எழவில்லை. இரண்டு பன் சாப்பிட்டாள்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. அந்தக் கடைசி வரி திரையில் வருகிறதாம், வேண்டாம் என்றால் ஒரு பட்டனை அழுத்திவிட்டு எழுந்து போய்விடலாமாம். நல்லதுதான். லெக்சரர் பெண்ணிடம் நான் இவ்வளவையும் சொல்லி முடித்ததும், அவள் கதவருகே போய் நின்று, "இவ்ளோ உயரத்துலயா வெச்சாங்க?" என்று கேட்டாள். அவளும் குள்ளம். செருப்பைக் கழற்றிவிட்டு, எம்பி, அந்த ஓட்டையை விரலால் தொடப் பார்த்தாள். இன்னொரு தடவை எம்பினாள்.

"எட்டலியே ஆயாம்மா" என்றாள்.

"அதான் கண்ணு" என்றேன்.